கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

கேள்வி: சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியையாக இருக்கிறேன். உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் பொறுப்பும் என் தலையில்தான். பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், கையேடு கொடுத்தார்கள். எந்தப் படிப்புக்கு எந்த நுழைவுத் தேர்வு, எந்த உதவித்தொகைக்கு எந்தச் சான்றிதழ் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் போன வாரம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவி வந்து நின்றாள். கணக்குப் பிரிவு, நல்ல மார்க். அப்பா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி. "மிஸ், மொபைல் கம்பெனியில ஆள் எடுக்கிறாங்க. சம்பளம், ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் உண்டு. காலேஜ் போனா நாலு வருஷம் கழிச்சு எனக்கு என்ன கிடைக்கும், சொல்லுங்க" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. சுற்றிலும் இத்தனை தொழிற்சாலைகள் இருந்தும் உள்ளே என்ன வேலை, எப்படி ஆள் எடுக்கிறார்கள், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. இன்னொரு பையன் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டதாகச் சொல்லிக் கத்தையாக பிரிண்ட் எடுத்து வந்தான். என் கையேட்டில் இல்லாத படிப்பெல்லாம் அதில் இருந்தது. இனி எங்களுக்கு என்ன வேலை? பக்கத்துப் பள்ளி வழிகாட்டி ஆசிரியருக்கு ஒரு கம்பெனி எச்.ஆர். பழக்கம். நம்பர் கேட்டால் தருவதில்லை. பணம் கட்டி 'கேரியர் கவுன்சிலர்' சான்றிதழ் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன்.

— ஓர் ஆசிரியை, காஞ்சிபுரம் மாவட்டம்

பதில்: டீச்சர், உங்கள் மாணவி சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள். ஒரு பக்கம் இவ்வளவு சம்பளம், இன்ன ஹாஸ்டல், இந்த இடத்தில் பஸ் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. மறுபக்கம் 'படித்தால் நன்றாக இருப்பாய்' என்ற ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை நம்பி நான்கு வருடத்தைக் கொடு என்று கேட்கிறோம். பதினேழு வயதுப் பிள்ளை சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் அவள் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. இந்த வேலையில் சேர்ந்தவர்கள் மூன்றாவது வருடம் எங்கே இருக்கிறார்கள்? அந்த வரி ஆள் எடுக்கும் ஏஜென்சியின் நோட்டீஸில் இருக்காது. உங்கள் கையேட்டிலும் இல்லை, அந்தப் பையனின் பிரிண்டிலும் இருந்திருக்காது. ஆனால் இந்த வட்டாரத்தில் அது தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் தெரியும், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை. இன்றைக்கு நம் தொழிலின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. இனி நமக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். தொழில் வழிகாட்டல் என்ற துறை பிறந்தது கல்லூரி வளாகத்தில் அல்ல. 1908 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர், வெளிநாடுகளில் இருந்து குடியேறிய ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் ஒரு தொழில் ஆலோசனை நிலையம் திறந்தார். பொறியியல் படித்தவர், சட்டம் போதித்தவர். பள்ளியை விட்டதும் கிடைத்த வேலையில் போய் விழுந்த இளைஞர்கள்தான் அவரிடம் வந்தார்கள். நிலையம் திறந்த அதே வருடம் இறந்துபோனார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய புத்தகம் சொன்னது எளிமையானது: உன்னை அறிந்துகொள், வேலைகளை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் பாதிக்கு நம்மிடம் ஆப்டிட்யூட் டெஸ்ட், ஆளுமைத் தேர்வு என்று கடை விரித்திருக்கிறார்கள். இரண்டாவது பாதியை, அதாவது வேலைகளை அறிவதை, அப்படியே கைவிட்டுவிட்டோம்.

தமிழ்நாட்டில் அது கைவிடப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு அட்டையைப் பத்திரமாக வைத்துக் காத்திருந்த தலைமுறைக்கு, வழிகாட்டல் என்றால் அரசு வேலைத் தேர்வுதான். பிறகு பொறியியல் கல்லூரிகள் பெருகின. வழிகாட்டி என்றால் கட்-ஆஃப் பட்டியல் வைத்திருப்பவர் என்று ஆனது. எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எத்தனை மார்க்கில் முடிந்தது என்று மனப்பாடமாகச் சொல்பவருக்கு மேடை போட்டார்கள். 2018 இல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போனது. பழைய கட்-ஆஃப் எல்லாம் எல்லோர் கைபேசியிலும் வந்துவிட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவு அதையே வரிசைப்படுத்தி அழகாகக் கொடுக்கிறது. நம்மில் பலர் விற்றுக்கொண்டிருந்த சரக்கு இலவசமாகிவிட்டது, அவ்வளவுதான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அந்தப் பையனின் பிரிண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பட்டியல் தயாரிக்கும் வேலை உங்களுக்கு மிச்சம். அதில் கல்லூரி அங்கீகாரம், கட்டணம், கடைசித் தேதி ஆகிய மூன்றையும் மட்டும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத கல்லூரியைக்கூட இருப்பதாகச் சொல்லும் பழக்கம் செயற்கை நுண்ணறிவுக்கு உண்டு.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 இல் சான்ட்ரோவை வெளியே விட்ட நாளில் இருந்து கணக்கு வைத்தால், இந்த வட்டாரத்தில் இரண்டு தலைமுறை வேலை பார்த்துவிட்டது. ஒரகடத்தில் 2010 இல் ரெனோ-நிசான், 2012 இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி, 2013 இல் ராயல் என்ஃபீல்டு. பிறகு வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் விரிந்துகொண்டே போகிறது. சுற்றிலும் உதிரி பாகக் கம்பெனிகள். இவ்வளவு அனுபவம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் பகுதி தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அதில் இருந்து வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன்.

முதலில் நோக்கியா. 2006 இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய ஆலை. பிளஸ் டூ முடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். சுற்று வட்டாரக் கிராமங்களில் அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியவர்கள் உண்டு, தம்பியைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. பிறகு வரித் தகராறு வந்தது. நோக்கியாவின் கைபேசித் தொழிலை 2014 இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை. விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். 2014 நவம்பர் 1 ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. எட்டு வருடம் வேலை பார்த்த பெண்ணுக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது. கையில் பிளஸ் டூ சான்றிதழ், ஒரே லைனில் ஒரே வேலையைச் செய்த அனுபவம். அடுத்த கம்பெனியோ பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளையைத் தேடுகிறது.

இதை உங்கள் மாணவியைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நோக்கியாவில் சேர்ந்தது தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்த எட்டு வருடச் சம்பளம் பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் அந்த எட்டு வருடத்தில், கம்பெனியை நம்பி இராத ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டவர்கள் பிறகு சமாளித்தார்கள். அது அஞ்சல்வழிப் பட்டமாகவோ ஒரு டிப்ளமோவாகவோ கணினிக் கணக்குப் பயிற்சியாகவோ இருந்திருக்கலாம். இங்கே வழிகாட்டி கையில் வைத்திருக்க வேண்டிய ஒரு தகவல்: தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பெண்கள் சேர உச்ச வயது வரம்பு கிடையாது. முப்பது வயதில் வேலை இழந்து வரும் பெண்ணும் சேரலாம். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து அரசு தரம் உயர்த்தி, ரோபோட்டிக்ஸ், சி.என்.சி. போன்ற பயிற்சிகளைக் கொண்டுவந்திருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தவர் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். இந்த ஏணி இருப்பது உங்கள் ஊரில் எத்தனை அம்மாக்களுக்குத் தெரியும்?

அடுத்தது, யாருடைய பெயரேட்டில் வேலை என்பது. பிள்ளைகள் 'அந்தக் கம்பெனியில் வேலை' என்றுதான் சொல்வார்கள். கம்பெனி நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்ததாரரின் ஆள், டிரெய்னி, அப்ரண்டிஸ் என்று ஒரே லைனில் நாலு விதமானவர்கள் நிற்பார்கள், ஒரே நிறச் சட்டையில்கூட. 1981 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: இருபத்து நான்கு மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும். தொழிற்பேட்டையில் '480 நாள்' என்றால் சங்கத்துக்காரர்களுக்கும் தெரியும், எச்.ஆர்.காரர்களுக்கும் தெரியும். சேரப்போகும் பிள்ளைக்குத்தான் தெரியாது. 1961 ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அவருக்கு இந்த 480 நாள் ஓடாது, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. அப்ரண்டிஸாகப் போவது மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஐ.டி.ஐ. முடித்த பையன் நல்ல ஆலையில் ஒரு வருடம் அப்ரண்டிஸாக இருந்து தேசியச் சான்றிதழோடு வெளியே வந்தால் அது அவனுக்கு முதலீடு. பிளஸ் டூ முடித்த பிள்ளையை 'டிரெய்னி' என்று பெயர் வைத்து, பதிவு செய்த ஒப்பந்தமும் இல்லாமல், கடைசியில் சான்றிதழும் கொடுக்காமல் லைனில் நிறுத்தினால் அது வேறு கதை. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கேட்கத் தெரிந்த வழிகாட்டிதான் உண்மையில் அந்தப் பிள்ளைக்கு உதவுகிறார். நியமனக் கடிதத்தில் யார் பெயர் இருக்கிறது, பி.எஃப். எண் வருமா, இ.எஸ்.ஐ. அட்டை வருமா, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு: இவற்றைக் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் பஸ் ஏற்றிவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஹாஸ்டலைப் பற்றியும் கேளுங்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் கைபேசி ஆலையின் பெண் தொழிலாளர்கள் ஹாஸ்டல் சாப்பாட்டால் நோய்வாய்ப்பட்டு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு வளாகத்தை 706.50 கோடி ரூபாய் செலவில் அரசு திறந்தது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அங்கே தங்கப் போவதில்லை. ஹாஸ்டலை நடத்துவது கம்பெனியா ஒப்பந்ததாரரா, ஷிப்ட் முடிந்து எத்தனை மணிக்குப் படுக்கை கிடைக்கிறது, உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் ஏற்கெனவே தங்கியிருக்கும் ஒரு பெண்ணிடம்தான் கேட்க முடியும்.

இன்னொன்றும் உண்டு. ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. சட்டமும் சர்ச்சையும் ஒருபுறம் இருக்கட்டும். நம் கிராமங்களில் பெண்ணை வேலைக்கு அனுப்பும் குடும்பங்களில் பல, 'கல்யாணம் வரைக்கும்' என்றுதான் அனுப்புகின்றன. குடும்பமும் ஏஜென்சியும் சொல்லிவைத்ததுபோல ஒரே கணக்கைப் போடுகின்றன. அந்தக் கணக்கில் பிள்ளையின் இருபத்தைந்தாவது வயதுக்குப் பிறகு ஒன்றுமே எழுதப்படவில்லை. அதை எழுத வைப்பதுதான் உங்கள் வேலை. பெங்களூரில் தி பிராமிஸ் பவுண்டேஷன் நடத்தும் கிடியன் அருள்மணி இந்தத் துறையில் நம் நாட்டின் முக்கியமான பெயர். குடும்பமும் சமூகமும் வேலையைப் பற்றி வைத்திருக்கும் சொல்லாத நம்பிக்கைகளைத் தொடாமல், பிள்ளையின் ஆர்வத்தை மட்டும் சோதித்துப் பயனில்லை என்பது அவர் பல வருடமாக வற்புறுத்தும் விஷயம். மேற்கத்தியத் தேர்வுத் தாளை மொழிபெயர்த்து நம் பிள்ளைகள் முன் நீட்டும் தனியார் மையங்கள் இதை இன்னும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சங்கம் பற்றியும் பெற்றோர் கேட்பார்கள், குறிப்பாக 2024 இல் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்த பிறகு. தொழிலாளி சங்கத்தில் சேர்வது சட்டம் தந்த உரிமை, சேராமல் இருப்பதும் அவர் விருப்பம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பேசுவது வழிகாட்டியின் வேலை அல்ல.

இவ்வளவையும் ஒரே ஆசிரியை, இயற்பியல் பாடமும் நடத்திக்கொண்டு, தனியாகத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஐ.டி.ஐ.யில் இருக்கும் பயிற்சி அலுவலருக்கு எந்தக் கம்பெனி அப்ரண்டிஸ்களை ஒழுங்காகப் பயிற்றுவிக்கிறது என்று தெரியும், வருடா வருடம் அவர் பையன்கள் திரும்பி வந்து சொல்கிறார்கள். பாலிடெக்னிக் பிளேஸ்மென்ட் அலுவலருக்கு எந்தக் கம்பெனி மூன்று மாதத்தில் ஆட்களை வெளியே அனுப்புகிறது என்று தெரியும். காஞ்சிபுரம் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் இருப்பவர்களுக்கு வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் ஏஜென்சிகளின் பூர்வீகம் தெரியும். எச்.ஆர்.காரருக்கு அடுத்த வருடம் எந்த வேலையை ரோபோ எடுக்கப் போகிறது என்று தெரியும். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பாருங்கள். அந்தப் பெற்றோரில் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஷிப்ட் முடித்து வருபவர் நிச்சயம் ஒருவராவது இருப்பார். கையேடு எழுதியவரைவிட அவருக்கு அதிகம் தெரியும். அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? சரி, உங்கள் மாணவியின் அப்பாவிடம்? தொழிற்சாலை வாசலில் எட்டு மணி நேரம் நின்று, யார் புதிதாக உள்ளே போகிறார்கள், யார் பெட்டியோடு வெளியே வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர் நம்பர் தராததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஒரு எச்.ஆர். பழக்கத்தை இரண்டு வருடம் தேடிப் பிடித்தவர், பத்துப் பேருக்கு அதைக் கொடுத்தால் அந்த எச்.ஆர். எரிச்சலாகித் தன் பிள்ளைகளுக்கும் கதவைச் சாத்திவிடுவாரோ என்று பயப்படுகிறார். பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் நம்பரைக் கேட்காதீர்கள், அவர் கற்றதைக் கேளுங்கள். 'நீங்கள் அனுப்பிய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? யார் விட்டுவிட்டு வந்தார்கள், ஏன்?' இதைச் சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை. தனியார் ஆலோசகர்கள் பகிர மறுப்பதற்குக் காரணம் வேறு. சிலருக்குக் கல்லூரிகளிடமிருந்து தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வருகிறது. கமிஷன் வாங்குபவர் வழிகாட்டி அல்ல, தரகர். அவரோடு பகிர்ந்துகொள்ள ஒன்றும் இல்லை.

மற்றவர்களை மாதம் ஒரு மதியம் ஒரே அறையில் உட்கார வைக்க முடியும். வட்டார வள மையத்தில் இடம் கேட்டால் கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூரில், நெடுஞ்சாலையை ஒட்டி ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது, நாடாளுமன்றச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம். தொழில் ஆலோசனையில் முதுகலைப் படிப்பே அங்கே நடந்திருக்கிறது. உங்கள் பள்ளியில் இருந்து அது அதிக தூரம் இல்லை. ஆனால் அங்கிருக்கும் ஆராய்ச்சியாளரும் ஒரகடத்து ஐ.டி.ஐ. பயிற்சி அலுவலரும் உங்களைப் போன்ற ஆசிரியையும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசும் வழக்கம் நமக்கு வரவில்லை. கடிதம் எழுதிக் கேளுங்கள். தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு போகிற கடிதத்துக்குப் பதில் வரும்.

அந்த மதியத்தில் சொற்பொழிவு வேண்டாம், விருந்தினர் பேச்சும் பொன்னாடையும் வேண்டவே வேண்டாம். ஆளுக்கு ஒரு பிள்ளையின் கதையை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துவர வேண்டும். என்ன கேட்டு வந்தான், நாம் என்ன சொன்னோம், எங்கே போனான், மூன்று வருடம் கழித்து என்ன ஆனான். பெயரும் ஊரும் கம்பெனி அடையாள எண்ணும் எழுதக் கூடாது, சாதி கண்டிப்பாகக் கூடாது. பிள்ளை நம்மிடம் தனியாகச் சொன்ன குடும்ப விஷயத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஆசையில் வெளியே கொட்டிவிட்டால், அடுத்த பிள்ளை நம்மிடம் வாய் திறக்காது. கம்பெனியைப் பற்றிக் குறை சொல்வதானால், கேள்விப்பட்டதா, நேரில் தெரிந்ததா என்று சேர்த்து எழுத வேண்டும். எச்.ஆர்.காரர் ஒருவரும் அந்த அறையில் இருந்தால் நல்லது, ஆனால் மாதம் தவறாமல் அல்ல. அவர் இல்லாதபோது சில உண்மைகள் வரும், அவர் இருக்கும்போது வேறு சில உண்மைகள் வரும். ஒரு வருடத்தில் இப்படி நூறு பக்கம் சேர்ந்தால், இந்தத் தொழிற்பேட்டையைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இல்லாத புத்தகம் உங்கள் கையில் இருக்கும். மூன்றாவது வருடத்தில் என்ன ஆகும் என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தத் தொகுப்பில் இருந்து ஐந்து பக்கத்தை எடுத்துப் படிக்கக் கொடுக்கலாம்.

சான்றிதழ் வாங்கலாமா என்று கேட்டீர்கள். தொழில் வழிகாட்டி என்று பலகை மாட்டிக்கொள்ள இந்தியாவில் உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால்தான் இரண்டு நாள் வகுப்பு நடத்திக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். உண்மையிலேயே படிக்க வேண்டும் என்றால், ஆசிரியர்களுக்காகவே என்.சி.இ.ஆர்.டி. வழிகாட்டலிலும் ஆலோசனையிலும் ஒரு டிப்ளமோ நடத்துகிறது. அஞ்சல்வழியும் நேர்முக வகுப்பும் கலந்தது. மைசூரில் இருக்கும் அதன் மண்டல நிறுவனம் நமக்குப் பக்கம். பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது என்பதை அங்கே கற்கலாம். கம்பெனிகளைப் பற்றி அங்கே கற்க முடியாது, அது ஒரகடத்திலேயேதான் கற்க வேண்டியது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வட்டாரத்தில் ஐ.டி.ஐ. பயிற்சி அலுவலராகவோ பிளேஸ்மென்ட் அலுவலராகவோ எச்.ஆர். மேலாளராகவோ நீங்கள் இருந்தால், பக்கத்து அரசுப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் யார் என்று ஒருமுறை விசாரியுங்கள். அவர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக உங்கள் மாணவி. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால், பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அப்படிச் சேருபவர்களின் கல்விக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது என்பது 2021 இல் வந்த அறிவிப்பு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும், ஆனால் அஞ்சல்வழியில் படித்தால் அந்த ஆயிரம் வராது. அவளும் அப்பாவும் சேர்ந்து உட்காரும் நேரம் பார்த்து, கம்பெனிச் சம்பளத்தை ஒரு பக்கம், இந்தத் தொகைகளை மறுபக்கம் எழுதிக் காட்டுங்கள். அதன் கீழே மூன்றாவது வருடத்துக்கும் ஏழாவது வருடத்துக்கும் ஒவ்வொரு வரி. தெரியாத இடத்தைத் தெரியாது என்றே விட்டுவிடுங்கள். அதன் பிறகும் அவள் கம்பெனிக்குத்தான் போவேன் என்றால் தடுக்காதீர்கள். வீட்டில் கடன் இருக்கலாம், தங்கை இருக்கலாம். அப்படிப் போனால் எந்தப் பெயரேட்டில் சேருகிறாள் என்று பார்த்து அனுப்புங்கள், வருடத்துக்கு இரண்டு முறை அவளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆனால் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், பொறியியல் விண்ணப்பப் பதிவு முடியும் தேதிக்கு முன்னால் அவளைப் பள்ளிக் கணினியில் உட்கார வைத்துப் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்ததால் கம்பெனி வேலை போய்விடாது. பதிவு செய்யாவிட்டால் இந்த வருடத்து இடம் போய்விடும்.